என்ன குழம்பு?

“ஆண்டவருக்கு எல்லாம் முன்னாலயே தெரியும். அவரு நெனச்சதுதான் நடக்கும். பொறவு எதுக்குட்டி அவருகிட்டப் போயி சொல்லணும்? இனிமே குடும்ப ஜெபத்துக்கு என்னைக் கூப்பிடாத” என்றான் பொன்சிங்.

தாராவி வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி எப்சிபா, செம்பூர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மத்தியானம் ஆபீஸில் அவள் டப்பாவைத் திறந்ததும், வழக்கம்போல் போன் அடித்தது. தோல் பை தைக்கும் கார்கானாவிலிருந்து பொன்சிங்.

“ஏட்டி, இன்னைக்கு என்ன குழம்பு?”

“சாளை மீன் குழம்பு.”

“தொட்டுக்கிட?”

“அவரைக்காப் பொரியல். ஏன் அத்தான், விடியக்காலம் எந்திரிச்சு இதைச் சமைச்சு, ரெண்டு டப்பாவுலயும் கட்டுனதே நீங்கதான? பொறவு தெரியாத மாதிரி தெனமும் கேக்கிய?”

பொன்சிங் சிரித்தான். “தெரியும்ட்டி. ஆனா நீ சொல்லிக் கேட்டாத்தான் எனக்குச் சோறு இறங்குது.”

“ஆண்டவருக்கும் அப்படித்தான் அத்தான்.”

தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவே பொன்சிங் மறுபடியும் சிரித்தான்.

“சரி சரி, சாயங்காலம் ஜெபத்துக்கு எனக்கும் சேத்துப் பாய் விரி. ஆனா நீட்டி முழக்காத, குழம்பு ஆறிப்போவும்!”