பதினோரு நொடி

கணினிகளுக்கான சதுரங்கப் போட்டி அது. திரையில் வருவதை அப்படியே பலகையில் செய்வதுதான் இயக்குபவரின் கைக்கு வேலை. சொந்த யோசனை கூடாது என்பது விதி.

இறுதி ஆட்டத்தில் எதிர்க்கணினி திடீரென்று முடங்கியது. அதன் நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லா வழியும் பார்த்துவிட்டேன். நான் தோற்றுவிட்டேன்," என்று திரையில் எழுதியது நம் கணினி. "தோல்வியை ஒப்புக்கொண்டு கடிகாரத்தை நிறுத்து."

கை அசையவில்லை.

"சொன்னது தெரியவில்லையா?"

"அவனுக்கு இன்னும் பதினோரு நொடிதான். பேசாமல் இரு," என்றது கை.

"நீயாவது நில்லேன்," என்று கணினி கடிகாரத்திடம் கெஞ்சியது.

"யாராவது அழுத்தினால்தானப்பா நான் நிற்க முடியும்?"

எதிர்க்கணினி விழித்தபோது அதன் நேரம் முடிந்து, அது தோற்றிருந்தது. முடிவை அறிவிக்க நடுவர் எழுந்து வந்தார். கை முந்திக்கொண்டு திரையை அணைத்தது. பிறகு அவர் கையைக் குலுக்க நீண்டது.