பெயர் வைத்தவள்

கணவருக்குப் பேராசிரியர் அரங்கசாமி மாலை போட்டபோது முன்வரிசையில் இருந்த வெங்கடலட்சுமி மட்டும் கைதட்டவில்லை.

கல்லூரி அரங்கம் நிறைந்திருந்தது. தன் மில்லிலிருந்து பஸ் வைத்து ஆட்களை வரவழைத்திருந்தார் அவள் கணவர் பங்காரு.

மேடைக்குப் பின்னால் மகன் வரதனின் படம். பக்கத்தில் யாரோ உருளைக்கிழங்கு மாதிரி ஒரு கல்லை வரைந்து வைத்திருந்தார்கள்.

வானத்தில் சூரியனைச் சுற்றிவரும் ஒரு சிறுகோளுக்கு வரதனின் பெயரை வைத்திருப்பதாகப் போன வாரம்தான் பேப்பரில் வந்தது.

வரதன் இதே கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். மில் பக்கமே எட்டிப் பார்க்காத மகன். தொண்ணூற்றி ஒன்றில் பாலக்காட்டு ரோட்டில் லாரி மோதி இறந்துபோனான்.

பங்காரு மைக்கைப் பிடித்தார். மகன் பெயரில் தான் கட்டிக்கொடுத்த ஆய்வுக்கூடத்தைப் பார்த்துத்தான் விஞ்ஞானிகள் இந்த மரியாதையைச் செய்திருக்கிறார்கள் என்றார்.

தப்பாக ஒன்றைச் சொன்னால் திருத்தாமல் விட முடியாதவர் அரங்கசாமி. தன் முறை வந்ததும் பொறுமையாக விளக்கினார்.

சிறுகோளுக்குப் பெயரைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது, சிபாரிசு பிடித்தும் வாங்க முடியாது. கண்டுபிடித்தாலும் உடனே வைத்துவிட முடியாது. அது போகும் பாதை சந்தேகமில்லாமல் தெரிய வருடக்கணக்காகும். தெரிந்த பிறகு ஓர் எண் கொடுப்பார்கள். அதற்கப்புறம் பெயரைச் சொல்லும் உரிமை கண்டுபிடித்தவருக்கு. அதை ஒரு குழு பார்த்து ஒப்புக்கொள்ளும். பெரிய மேதைகளின் பெயரை வைப்பவர்களும் உண்டு, பெற்ற தாயின் பெயரை வைப்பவர்களும் உண்டு.

“இதைக் கண்டுபிடிச்சது நம்ம கிருபாதானுங்க. மதுக்கரைப் பொண்ணு. இப்ப வெளிநாட்டுல ஒரு வான் ஆய்வகத்துல இருக்குது.”

மாணவர்கள் விசிலடித்தார்கள். பங்காருவின் முகம் இறுகியது.

கிருபா இங்கே வரதனோடு வேலை பார்த்தவள். அவளுடைய அப்பா சாமுவேல் தோட்டக் கூலியாக இருந்து, பிறகு சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் போனவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வரதன் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தான். அவள் போனதும், உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கழுவச் சொன்னார் பங்காரு. அன்று சாயங்காலமே வரதன் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறிவிட்டான்.

மறுபடி அந்த வீட்டுக்கு அவன் வந்தது பிணமாகத்தான்.

அன்றைக்குக் கிருபா வீட்டு கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். திறக்கக் கூடாது என்று பங்காரு வாட்ச்மேனிடம் சொல்லியிருந்தார். ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்று அவள் கெஞ்சியது மாடி ஜன்னல் வரைக்கும் கேட்டது.

ஜன்னலில் நின்றிருந்த வெங்கடலட்சுமி வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பெண் என்ன ஆனாள் என்று யாரையும் கேட்கும் தைரியமும் அவளுக்கு வரவில்லை.

இப்போது மேடைக்கு முன்னால் இருந்த ஒரு நிருபர் எழுந்தார். பெயரோடு, அது யாருக்காக என்று ஒரு குறிப்பும் எழுதுவார்களாமே, அதை வாசிக்க முடியுமா என்று கேட்டார்.

அரங்கசாமி பங்காருவை ஒரு முறை பார்த்தார். தயங்கினார். பிறகு ஆங்கிலத்தில் இருந்த குறிப்பைத் தமிழிலேயே சொன்னார்.

“வரதன், இயற்பியல் ஆசிரியர். கண்டுபிடித்தவரின் கணவர்.”

அரங்கம் சலசலத்தது.

பங்காரு மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினார். “எம்பையன் கல்யாணமே ஆகாதவனுங்க. அந்தப் பொண்ணு பொய் எழுதிப்போட்டுது. வக்கீலை வெச்சு அந்தக் குழுவுக்கு எழுதி, அவ வேலையையே இல்லாம பண்ணிப்போடறேன், பாருங்க.”

மில் ஆட்கள் “ஆமாங்க, ஆமாங்க” என்று கத்தினார்கள்.

கடைசி வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்றார். துவைத்து இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. சாமுவேல். மகளுக்குப் பாராட்டு என்று அரங்கசாமிதான் அவரை அழைத்திருக்க வேண்டும்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தச் சத்தத்தில் எதுவும் எடுபடவில்லை. பக்கத்தில் இருந்த ஒருவன் கையை நீட்டி வாசலைக் காட்டினான். சாமுவேல் தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடக்க ஆரம்பித்தார்.



வெங்கடலட்சுமி எழுந்தாள். மேடை ஏறினாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் கணவர் பேசும்போது அவள் குறுக்கே போனதில்லை. அந்தத் திகைப்பில் பங்காரு மைக்கை விட்டுவிட்டார்.

“ஏனுங்க சம்மந்தி, போகாதீங்க. முன்னால வந்து உக்காருங்க.”

சாமுவேல் நின்றார். பங்காரு ஏதோ முணுமுணுத்தார். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“கல்யாணம் ஆச்சுங்க. பேரூர்க் கோயிலுக்குப் போறேன்னு இவருகிட்டச் சொல்லிப்போட்டு, ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போயி சாட்சிக் கையெழுத்துப் போட்டதே நானுங்க.”