நிமிடத்துக்குப் பதினாறு

நாய் மூச்சை இழுக்கையில் அதன் இதயம் சற்று வேகமெடுக்கும், விடுகையில் தளரும். அறுவை மேசையில் மயங்கிக் கிடந்த நாய்க்கு இயந்திரம் நிமிடத்துக்குப் பத்து மூச்சு கொடுத்தது. ஆனால் திரையில் இதயம் நிமிடத்துக்குப் பதினாறு முறை வேகமெடுத்துத் தளர்ந்தது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறையவில்லை.

திடீரென்று துடிப்பு விழுந்தது. ஊசி போட்டும் ஏறவில்லை. வேறு மருந்து எடுக்க வெளியே வந்த செவிலி, நாயின் சொந்தக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு, மார்பு அசையாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

“அண்ணே, மூச்சு விடுங்க. நீங்களும் விழுந்தா தூக்க இங்க ஆள் இல்ல.”

“அவ எப்படிம்மா இருக்கா?”

“முதல்ல மூச்சு விடுங்க.”

அவர் ஆழமாக இழுத்தார். கதவுக்குப் பின்னால், திரையில் இதயத் துடிப்பைச் சொல்லும் ஒலி வேகமெடுத்தது.

செவிலி மருந்தை எடுக்கவில்லை. தையல் முடியும்வரை அவர் அருகில் உட்கார்ந்து, அவர் மார்பு நிமிடத்துக்குப் பதினாறு முறை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.