வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் வீடு திருத்தும் வேலைகளை எடுத்துச் செய்துவந்த தவநேசனை, 2006 கோடையில் மூன்றாவது தடவையாகப் பரிமளம் அக்கா அழைத்திருந்தார். தனியாக வசிப்பவர். அவருடைய படுக்கையறைக் கதவின் வெளிப்பக்கத் தாழ்ப்பாள் மறுபடியும் தேய்ந்து ஆடியது.

“வெளியிலை ஆர் அக்கா இதைப் போடுறது?”

“நான் படுத்தாப் பிறகு போடுவினம். காலமை திறந்துவிடுவினம்.”

“கழட்டிவிடட்டோ?”

“வேண்டாம் தம்பி. பிறகு உள்ளுக்கை வந்திடுவினம்.”

தவநேசன் தேய்ந்ததைக் கழற்றினான். தடித்த உருக்குத் தாழ்ப்பாள் ஒன்றைப் பொருத்தினான். பரிமளம் அக்கா சரிபார்க்க உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அவன் குனிந்து, இரண்டு கைகளாலும் கருவிகளைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தான். தலைக்கு மேலே தாழ்ப்பாள் மெல்ல நகர்ந்து இறுகியது.

“நல்லாப் பிடிக்குது தம்பி,” என்றார் உள்ளேயிருந்து. “இனித் திறவுங்கோ.”