மடங்கிய கை

பனி விடாமல் கொட்டுகிறது. கீழே, நின்றிருந்த நிலக்கரி வண்டியின்மேல் விரைவு வண்டி ஏறிக் கிடக்கிறது. உடைந்த பெட்டிகளுக்கிடையே லாந்தர்கள் அலைகின்றன. யாரோ ஒரு பெண் ஒரே பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறாள். மேலே சிக்னல் அறையில் சிக்னல்காரன் ஜேபஸின் பிடி இன்னும் கைகாட்டி லீவரை விடவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு விரைவு வண்டியின் டிரைவர் ஹோரஸ் நுழைகிறான். நெற்றியில் வழிந்த ரத்தம் மீசையில் உறைந்திருக்கிறது.

"யோவ் ஜேபஸ், ஏன்யா வழி விட்டே?"

"நானா? நிறுத்தச் சொல்லி லீவரைப் போட்டு இருபது நிமிஷமாச்சு. நீயே பாருய்யா."

ஹோரஸ் லீவரைப் பார்க்கிறான். அது போட்டபடிதான் இருக்கிறது. "அப்ப வெளிய வந்து உன் கைகாட்டியையும் பாரு."

'நில்' என்று நீண்டிருக்க வேண்டிய மரக்கை, வழி விட்டதுபோல் கம்பத்தின் பிளவுக்குள் மடங்கிக் கிடக்கிறது. பிளவு முழுக்கப் பனி அடைத்துக் கல்லாக இறுகியிருக்கிறது. ஜேபஸ் சுத்தியலோடு ஏணியில் ஏறி அடிக்கிறான். நாலாவது அடியில் பனி பெயர்ந்து ஹோரஸின் தோளில் விழுகிறது. மரக்கை மெல்ல எழுந்து விறைப்பாக நீள்கிறது. கீழே நிற்கும் ஹோரஸின் வலது கை, தன்னையறியாமல், வெறும் காற்றில் பிரேக்கைப் பிடித்து இழுக்கிறது.