மீனின் பெயர், பிடித்தவர் பெயர்

மீன்துறை அலுவலகத்து மேசைமேல் கிடந்த கெளுத்தியைவிட, எதிரே நின்ற மீனவக் கிழவர்தான் அதிகம் துள்ளினார்.

“நாப்பது வருஷமா நான் வலை போடுற ஆறு. இதைப் பிடிக்கக் கூடாதுன்னு சொல்ல நீ யாருப்பா?”

“பெரியவரே, இது சாதாரணக் கெளுத்தி இல்லை. புது இனம்னு போன வருஷம்தான் ஒரு ஆராய்ச்சியாளர் கண்டுபிடிச்சார். உலகத்துலயே இந்த ஆத்துல மட்டும்தான் இருக்காம். அதான் தடை,” என்றார் அதிகாரி.

“கண்டுபிடிச்சாரா? அது எங்க காணாமப் போச்சு?”

“கிண்டல் வேண்டாம். வலையைப் பறிமுதல் பண்ணியாச்சு. மீசை குட்டையா இருக்கு பாருங்க, அதான் அடையாளம்.”

“மீசை வளரும், தேயும். முதுகுல ரெண்டாவது துடுப்பைப் பாரு, வால் வரைக்கும் ஓடுது. அதான் அடையாளம். பேச வந்துட்டான்!”

அதிகாரி சுவரில் தொங்கிய மீன் படத்தைப் பார்த்தார். கிழவர் சொன்னதுதான் அதில் இருந்தது. அதனாலேயே அவருக்கு எரிச்சல் கூடியது. படிவத்தை இழுத்து, ‘மீனின் பெயர்’ என்ற இடத்தில், படத்தின் கீழிருந்த, வாயில் நுழையாத இரண்டு சொல் அறிவியல் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதினார்.

“அடுத்து, பிடிச்சவர் பெயர். உங்க பேரைச் சொல்லுங்க.”

“மேல எழுதினியே, அதுல ரெண்டாவது வார்த்தை. கடைசியில ஒட்டியிருக்கிற வாலை மட்டும் நறுக்கிட்டு, அப்படியே கீழே எழுது.”

“என்னது?”

“இந்த மீன் வேற ஜாதின்னு அந்த ஆராய்ச்சிக்காரருக்குக் காட்டிக் கொடுத்ததே நான்தான்யா. மரியாதைக்கு என் பேரை வச்சாரு. இப்ப என் பேரு ஆத்துல நீந்துது, என் வலை உன் அலமாரியில கிடக்கு. பேனா ஏன் நிக்குது? எழுது!”