திரும்பி வராத நகல்

டவர் எட்டாத நடுக்கடலிலும் வேலை செய்யும்படி இணையத்தை மாற்றிக் கட்டுகிறவர்களில் சுகிர்தாவும் ஒருத்தி. பழைய இணையம், ஆள் அகப்படாவிட்டால் செய்தியைக் கைவிட்டுவிடும். புதியது கைவிடாது. படகுக்கொரு செய்திப் பெட்டி வைத்திருந்தார்கள். எதிர்ப்படும் படகின் பெட்டிக்கெல்லாம் அது தன்னிடமுள்ள செய்தியின் நகலைக் கொடுக்கும். உரியவரின் பெட்டியில் நேராகச் சேர்த்தால் மட்டுமே தன்னிடம் இருப்பதை அழிக்கும். சோதனைக்கு வாய்த்தது இந்த மீனவக் கரை.

புயலுக்குப் பிறகு சூசையின் படகு மட்டும் திரும்பவில்லை. அவன் மனைவி ஜெனோவா அனுப்பிய செய்தி எல்லாப் பெட்டிகளிலும் கிடந்தது: "கறி ஆக்கி வச்சிருக்கேன். வெரசா வாரும்."

சேராத செய்திகளைக் கெடு வைத்து அழிக்கச் சொல்லி மேலிடம் நச்சரித்தது. சுகிர்தா தயங்கித் தயங்கி ஜெனோவாவிடம் சொன்னாள்.

"அழிச்சிராதீங்கம்மா. தேடப் போனவங்கெல்லாம் கைய விரிச்சிட்டாங்க. அது ஒண்ணுதான் இன்னும் அவரத் தேடிப் போய்க்கிட்டு இருக்கு."

திரையில் கெடு நாள் கேட்ட கட்டத்தை சுகிர்தா காலியாகவே விட்டாள்.

மறுநாள் மாலை, கரையேறிய படகுகளின் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அந்தச் செய்தி இருந்தது. கடைசியாக வந்த படகின் பெட்டியில் மட்டும் இல்லை. காலையில் புறப்படும்போது இருந்தது. மறுபடியும் பார்த்தாள். பெட்டியில் எந்தக் கோளாறும் இல்லை.

ஈர மணலில் நின்றிருந்த ஜெனோவா வழக்கம்போல் கேட்டாள்: "இன்னைக்கும் என் சேதியக் கொண்டு போச்சுதாம்மா?"

"கொண்டு போச்சுக்கா," என்றாள் சுகிர்தா. "ஒரு வள்ளம் மட்டும் திருப்பிக் கொண்டு வரல."